கலவை கட்டுதா, ஒழுகுதா? கடலோர வேலையிடத்தில் காங்கிரீட் இளக்கத்தைச் சரிசெய்யும் வழிமுறை

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த வேலையிடத்துக்குப் போனாலும் தளம் போடும் நாளில் ஒரு குரல் கேட்கும்: “அண்ணே, கலவை கட்டுது, இன்னும் ரெண்டு குடம் ஊத்தவா?” ஊற்றினால் உடனே இளகிவிடும். அதனால்தான் அந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. ஆனால் கலவை கட்டுவதற்கு, அதாவது இளக்கமில்லாமல் விறைப்பதற்கு, பல காரணங்கள் உண்டு. தண்ணீர் குறைந்திருப்பது அவற்றில் ஒன்றுதான். காரணம் எதுவானாலும் மருந்து தண்ணீர்தான் என்று போனால், இந்தக் கரையில் அதற்கான விலையைக் கம்பி கொடுக்கும்.

கணக்கு இதுதான். 50 கிலோ மூட்டை சிமெண்ட் முழுதாக வினைபுரிய ஏறக்குறைய 19 லிட்டர் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவையை இளக்குவதற்குத்தான். வேலை முடிந்ததும் அந்த உபரித் தண்ணீர் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளையை விட்டுப் போகும். உப்புக்காற்று அந்தத் துளை வழியாகத்தான் கம்பியைத் தொடுகிறது. கடற்கரைச் சூழலில் நிற்கும் கம்பி காங்கிரீட்டுக்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30 தரம் (எம் எண் ஏற ஏற வலு கூடும்), கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 45 மி.மீ கவர் (கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டின் தடிமன்), தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. அலைத் தூறல் நேராகப் படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ கவர். நம் ஊர் வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு போடும் 1:1½:3 கலவை எம்20 தான். கடலோர வீட்டுக்கு அது போதாது. டிசைன் மிக்ஸ், அதாவது உங்கள் பொருட்களைச் சோதித்துக் கணக்கிட்ட கலவை விகிதம், வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் ஒரு ஸ்லம்ப் கூம்பு இருக்கட்டும். உயரம் 300 மி.மீ, அடி 200, மேல்வாய் 100. மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்க வேண்டும். கலவை எத்தனை மி.மீ இறங்குகிறதோ அதுதான் ஸ்லம்ப், இளக்கத்தின் அளவு. கம்பி அதிகம் இல்லாத தளத்துக்கு 25 முதல் 75, கம்பி நெருக்கமான பீம், பில்லருக்கு 50 முதல் 100, பம்ப் வழியாகப் போனால் 75 முதல் 100. அளவைவிட வடிவம் அதிகம் சொல்லும். நிமிர்ந்தபடி இறங்கினால் சரி. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தால் கலவையில் ஒட்டுதல் இல்லை. மொத்தமும் பரவி, ஓரத்தில் சிமெண்ட் பால் தனியாக ஓடினால் தண்ணீரோ, கலவையை இளக்கச் சேர்க்கும் மருந்தோ மிஞ்சிவிட்டது.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

மெஷினை விட்டு வரும்போதே வறண்டு, புட்டு மாவு போல உதிர்கிறது

முதலில் ஜல்லிக் குவியலைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் கிடந்த ஜல்லி கை பொறுக்காத சூட்டில் இருக்கும், வறண்டும் இருக்கும். கனமீட்டர் கலவைக்கு ஏறக்குறைய 1200 கிலோ ஜல்லி போகிறது. அது தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கை உறிஞ்சினாலே 12 லிட்டர் காணாமல் போகும். நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீர் சரியாகவே இருக்கும், ஜல்லி குடித்துவிட்டிருக்கும். முந்தின நாள் மாலையே குவியலை நனைத்து, தண்ணீர் வடிய விடுங்கள். காலையில் ஜல்லி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

அடுத்து ஜல்லியின் வடிவம். ஒரு கை அள்ளிப் பாருங்கள். தட்டையும் நீளமுமாக அதிகம் இருந்தால் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்காமல் சிக்கிக்கொள்ளும். அதே இளக்கத்துக்குத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். கனசதுரமாக உடைத்த ஜல்லி கேட்டு வாங்குங்கள். முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலம், 20 மி.மீ) மட்டும் போடாமல் அரை ஜல்லியும் (அரை அங்குலம்) கலந்தால் இடைவெளி நிரம்பி கலவை இலகுவாகும். பத்துக்கு ஆறு முக்கால், நான்கு அரை என்று தொடங்கிப் பார்க்கலாம்.

அப்புறம் மணல். பூச்சு வேலைக்கான பி-சாண்டை காங்கிரீட் மெஷினில் கொட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு பரப்பு. அந்தப் பரப்பு முழுவதையும் நனைக்கத் தண்ணீர் வேண்டும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்று சொல்லி கிரஷர் தூசியை இறக்குவதும் நடக்கிறது. உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது மணல், ஜல்லிக்கான தரவிதி ஐஎஸ் 383. அதற்கு மேல் போனால் கலவை கட்டத்தான் செய்யும். உள்ளங்கையில் தேய்த்து, மாவு போல அப்பிக்கொண்டால் அந்த லோடை ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்திலேயே கிடக்கிறது, பார்க்க சுத்தமாக இருக்கிறது, லாரி வாடகை மிச்சம். ஆனால் அந்த மணல் பொடியானது, எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் தட்டைச் சிப்பித் துண்டுகள். மூன்றுமே தண்ணீரை அதிகம் கேட்கும். அதோடு உப்பும் சேர்ந்து வருகிறது. கம்பி வைத்த எந்த வேலைக்கும் வேண்டாம், ஒரு சட்டிகூட.

மணலும் ஜல்லியும் நன்றாக இருந்தால் கலக்கும் முறையைப் பாருங்கள். மெஷின் குறைந்தது இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். அவசரத்தில் அரை நிமிடத்தில் கவிழ்த்தால், தண்ணீர் சிமெண்டுக்குள் போகும் முன்பே கலவை தளத்துக்குப் போய்விடும். கொஞ்சம் தண்ணீர், பிறகு ஜல்லி, மணல், சிமெண்ட், கடைசியாக மீதித் தண்ணீர் என்பது நல்ல வரிசை. இளக்க மருந்து, அதாவது பிளாஸ்டிசைசர், அந்தக் கடைசித் தண்ணீரில் கலந்து போனால்தான் முழுப் பலன் தரும். காய்ந்த மணல் மேல் ஊற்றினால் மணலே குடித்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கலவை வறட்சியாகவே இருந்தால் மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டலாம். தண்ணீர்தான் கூட்ட வேண்டுமென்றால் சிமெண்டோடு சேர்த்துக் கூட்டுங்கள்: ஒரு லிட்டருக்கு 2.2 கிலோ சிமெண்ட். அப்போது 0.45 என்ற பங்கு மாறாது.

மெஷினில் நன்றாக இருந்தது, தளத்துக்கு ஏறுவதற்குள் கட்டிவிட்டது

நம் கரையில் அதிகம் வரும் புகார் இது. மூன்று காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சூடு. கலவையின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஸ்லம்ப் சுமார் 25 மி.மீ குறையும். ஊற்றும்போது கலவை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. சித்திரை, வைகாசி மதியத்தில், கருப்பு சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரும் வெயிலில் கிடந்த ஜல்லியும் சேர்ந்தால் அந்த வரம்பு வெகுதூரத்தில் இல்லை. குறைந்த செலவில் பெரிய பலன் தருவது தண்ணீரைக் குளிர்விப்பதுதான். ஒரே எடைக்குக் கல்லும் சிமெண்டும் தாங்குவதைப் போல நான்கைந்து மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் தாங்கும். தொட்டிக்குக் கீற்றுப் பந்தல் போடுங்கள், ஈரச் சாக்கு சுற்றுங்கள். மீன்பிடித் துறை இருக்கும் ஊர்களில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. உடைத்துத் தொட்டியில் போடலாம், ஆனால் மீன் பெட்டியில் கிடந்த ஐஸ் கூடாது, அதில் உப்பு இருக்கும். ஐஸ் உருகும் தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது இன்னும் நல்லது.

இரண்டு, காற்று. கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும் மாதங்களில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பாண்டில் தூக்கிப் போகும் கலவையின் மேற்பரப்பு கண்ணெதிரே வறளும். மெஷினைத் தளத்துக்கு அருகில் நிறுத்துங்கள். ஆள் வரிசை அறுந்து மெஷின் அடியில் கலவை குவிந்து கிடந்தால் அடுத்த பேட்சை நிறுத்தி வையுங்கள். கிடக்கும் கலவையை ஈரச் சாக்கால் மூடுங்கள்.

மூன்று, தண்ணீரே காரணமாக இருப்பது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, இருந்தும் கலவை வேகமாகக் கட்டுகிறதென்றால் போர்த் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்பில் உள்ள குளோரைடு சிமெண்ட் இறுகுவதை முடுக்கிவிடும். முதல் சில நாள் காங்கிரீட் வலுவாகக்கூடத் தெரியும்; அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கம்பி காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000. கணக்குப் போட்டால் நாற்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே வரம்பை நெருங்கிவிடுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற காரியம் இல்லை இது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது. பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரே கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக இருக்கும். வரம்பு தாண்டினால் டேங்கர் தண்ணீர்தான் வழி. செலவு உறுத்தும், எனக்குத் தெரியும். வீட்டின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சில நேரம் கலக்கிய ஓரிரு நிமிடத்திலேயே கலவை திடீரென்று விறைக்கும். மெஷினை மறுபடி சுற்றவிட்டால் தண்ணீர் சேர்க்காமலே இளகிவிடும். அது பொய் இறுக்கம். சிமெண்ட் அரைக்கும்போது அதிகச் சூட்டில் ஜிப்சம் தன் நீரை இழந்துவிட்டால் இப்படி ஆகும். இன்னும் இரண்டு நிமிடம் சுற்றவிடுவதுதான் வைத்தியம். மறுபடி சுற்றியும் இளகாமல், சூடு பறக்க இறுகினால் அந்தச் சிமெண்டை நிறுத்திவிடுங்கள்.

உண்மையிலேயே இறுகத் தொடங்கிய கலவையைத் தண்ணீர் ஊற்றிக் கிண்டி மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதைத் தள்ளிவிடுவது தவிர வேறு வழி இல்லை.

பால் மேலே மிதக்கிறது, ஜல்லி அடியில் தங்குகிறது

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் வரும். வாடை மழையில் மணல் நனைந்து கிடக்கும். மெஷின்காரர் வழக்கமான குடக் கணக்கிலேயே ஊற்றுவார். கனமீட்டருக்கு 700 கிலோ மணல் போகிறதென்றால், ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே 7 லிட்டர் தண்ணீர் கணக்கில்லாமல் உள்ளே போகும். ஐந்து சதவீத ஈரத்துக்கு 35 லிட்டர். குவியலுக்குத் தார்ப்பாய் போடுங்கள். குவியலின் அடிமணலையும் மேல்மணலையும் கலந்து அள்ளுங்கள். முதல் பேட்சில் தண்ணீரைக் குறைத்துத் தொடங்கி, கூம்பு வைத்துப் பார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் பிரிகிறதென்றால் போடும் முறையில் கோளாறு. ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து பில்லருக்குள் கொட்டினால் கல் முன்னால் விழும், சாந்து பின்னால் வரும். பில்லரின் பக்கப் பலகையில் பாதி உயரத்தில் ஒரு வாய் விட்டு அதன் வழியாகப் போடலாம். வைப்ரேட்டரை ஒரே இடத்தில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாலும், அதை வைத்துக் கலவையை ஓரத்துக்குத் தள்ளினாலும் இதேதான் நடக்கும். வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, பெரிய குமிழ்கள் நின்று மேற்பரப்பு பளபளத்ததும் மெதுவாக உருவ வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 15 விநாடிக்குள் முடிந்துவிடும்.

மருந்து மிஞ்சியிருந்தாலும் பால் பிரியும். சிமெண்ட் எடையில் எத்தனை சதவீதம் என்று டப்பாவில் போட்டிருக்கும்; மூடியில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள்.

ஸ்லம்ப் சரி, ஆனால் கரணை ஓடவில்லை, ஜல்லி துருத்துகிறது

மணல் போதவில்லை என்று அர்த்தம். மேஸ்திரி சத்தியம் செய்வார்: “பெட்டிக் கணக்கு தப்பவே இல்ல சார்.” அவர் சொல்வது உண்மைதான். பெட்டிக்குள் மணல்தான் குறைவு. ஈர மணல் உப்பிப் பெருகும். துகளைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் துகள்களைத் தள்ளி வைப்பதால் பெட்டியில் காற்று அதிகம், மணல் கம்மி. ஈரம் 4, 5 சதவீதம் இருக்கும்போது இந்த உப்பல் உச்சத்தில் இருக்கும். பொடி மணலில் இன்னும் அதிகம்.

சோதனை எளிது. நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை 200 மி.மீ உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். பிறகு மணலை வெளியே எடுத்து, டப்பாவில் பாதி தண்ணீர் வைத்து, அதே மணலை மறுபடி போட்டுக் கிளறிப் படிய விடுங்கள். 160-க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். அதாவது நான்கு பெட்டி மணல் வேண்டிய இடத்தில் ஐந்து பெட்டி போட வேண்டும். எடை போட்டுக் கலக்கும் இடத்தில் இந்த வம்பு பெருமளவு இல்லை, மணலில் உள்ள தண்ணீரின் எடையை மட்டும் கழித்தால் போதும்.

கழுவிய எம்-சாண்டிலும் இந்தக் கரடுமுரடு வரும். பொடி முழுதும் கழுவிப் போயிருக்கும், துகளும் கூர்முனையாக இருக்கும். அந்த இடத்தில் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் கைகொடுக்கும். நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் உருண்டையானவை, கலவை வழுக்கிக்கொண்டு ஓட உதவும். காலப்போக்கில் உப்பு உள்ளே இறங்குவதையும் மட்டுப்படுத்தும். கடலோரத்துக்கு என் முதல் தேர்வு பிபிசிதான், தண்ணீர் கட்டும் நாட்களைக் கூட்டிக்கொள்ள நீங்கள் தயாராக இருந்தால்.

மண்வெட்டியில் ஒட்டுகிறது, பிசின் போல இழுக்கிறது

பொடி அதிகம், அல்லது மணல் அதிகம். மணலைக் கொஞ்சம் குறைத்து ஜல்லியைக் கூட்டுங்கள். தண்ணீர் குறைந்து மருந்து கூடிய கலவையும் இப்படி இழுக்கும். கூம்பில் நன்றாக இறங்கும், ஆனால் கையில் பாரமாக இருக்கும்.

பம்ப் அடைக்கிறது

குழாயில் முதலில் சிமெண்ட் பால் ஓடவிட்டீர்களா என்று பாருங்கள். வறண்ட குழாய் முதல் கலவையின் சாந்தை உறிஞ்சி, கல்லை மட்டும் விட்டுவிடும். வெயிலில் கிடக்கும் இரும்புக் குழாய்க்கு ஈரச் சாக்கு போடுங்கள். அடிக்கடி அடைத்தால் மேலே சொன்ன மணல் உப்பலும் தட்டை ஜல்லியும்தான் பெரும்பாலும் காரணம்.

பலகை பிரித்தால் பில்லர் அடியில் தேன்கூடு

சாந்து புகாமல் கல் மட்டும் நின்று ஓட்டை ஓட்டையாகத் தெரிவதுதான் தேன்கூடு. கலவை கெட்டியாக இருந்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் கல் பெரியது, இடம் சிறியது. ஜல்லியின் அளவு இரண்டு முக்கியக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிட 5 மி.மீ குறைவாக இருக்க வேண்டும். கம்பி ஒன்றோடொன்று ஏறி நிற்கும் இணைப்பில் 20 மி.மீ கல் நுழையாது. அந்தப் பகுதிக்கு அரை ஜல்லிக் கலவை போடுங்கள். ஊசியும் அப்படித்தான்: 40 மி.மீ ஊசி போகாத இடத்துக்கு 25 மி.மீ ஊசி வாடகைக்குக் கிடைக்கும். பலகைச் சந்தில் பால் ஒழுகியிருந்தாலும் அடியில் கல் மட்டும் நிற்கும். ஒழுகிய தடம் தரையிலேயே தெரியும்.

தேன்கூட்டை மேலோடு பூசி மறைக்க வேண்டாம். உள்ளே காற்றும் உப்பும் போக வழி இருக்கும்போது மேல்பூச்சு சில வருடத்துக்குத்தான். தளர்ந்த கல்லையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பி தெரிந்தால் அதைச் சுற்றியும் கொத்தி, கழுவி, சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் சாந்து) வைத்து நிரப்புங்கள். பாரம் தாங்கும் பில்லரில் ஆழமாகப் போயிருந்தால், கொத்தத் தொடங்கும் முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மட்டம் தட்டி ஒரு மணி நேரத்தில் மேலே முடிக்கோடுகள்

காற்று வேலையைக் காட்டிவிட்டது. உள்ளிருந்து மேலே வரும் தண்ணீரைவிட வேகமாக ஆவியானால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் போகத் தொடங்கினால் ஆபத்து. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் காற்றுக் காலத்தில் இது சாதாரணம். காற்று வரும் பக்கம் தார்ப்பாயோ கீற்றுத் தட்டியோ கட்டுங்கள். மட்டம் தட்டத் தட்டவே பாலிதீன் விரியுங்கள். காங்கிரீட் இன்னும் இறுகாமல் கோடு விழுந்திருந்தால் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். சிமெண்ட் தூளைத் தூவித் தேய்ப்பது மேலே ஒரு தனித் தோலைத்தான் உண்டாக்கும், பிறகு உரியும். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்; வறண்ட வெயிலில் சாதாரணச் சிமெண்டுக்கு 10 நாள், பிபிசிக்கு 14 நாள். அந்தத் தண்ணீரும் உப்பில்லாத தண்ணீராக இருக்கட்டும்.

மறுநாள் காலையிலும் நகம் பதிகிறது

மருந்து மிஞ்சியிருக்கும், குறிப்பாக இறுக்கத்தைத் தாமதப்படுத்தும் வகை. உடனே உடைத்துப் போட வேண்டியதில்லை. பாலிதீன் போட்டு மூடி, காயாமல் வையுங்கள். யாரும் மிதிக்க விடாதீர்கள். பாத்தி கட்டவும் அவசரப்படாதீர்கள். தாமதித்தாலும் பெரும்பாலும் இறுகிவிடும். அன்று அதே கலவையில் சோதனைக்காக எடுத்த கியூபுகளை (காங்கிரீட் கனசதுரங்களை) ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்க்க அனுப்புங்கள். அந்த எண் கைக்கு வரும்வரை அடிமுட்டு ஒன்றையும் அகற்ற வேண்டாம், சென்டரிங்காரர் வாடகை ஏறுகிறது என்று எத்தனை முறை போன் செய்தாலும் சரி.